கல், மரம், மலை, ஆறு: இயற்கைக்குள் உயிர் இருக்கிறது என்ற நம்பிக்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏற்காட்டுச் சேர்வராயன் கோயிலுக்கு ஏறுகிறவர்கள், சேலத்து முனியப்பன் கோயில்களில் கிடா வெட்டிப் பொங்கல் வைக்கிறவர்கள், கல்லூரியில் மானுடவியலோ நாட்டார் வழக்காற்றியலோ படிக்கிறவர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கேட்ட வார்த்தையிலேயே தந்திருக்கிறோம். எளியவை முதலில் வருகின்றன. ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லவில்லை. எண்ணைப் பார்த்து முன்னால் போய்ப் படித்துக்கொள்ளுங்கள்.

1. ஆன்மவாதம்னா என்னங்க? சுருக்கமா சொல்லுங்க.

மனிதருக்கு இருப்பது போலவே மரம், விலங்கு, கல், மலை, ஆறு, காற்று, இடி போன்றவற்றுக்கும் உயிரோ ஆவியோ உண்டு. அவை விரும்பும், கோபிக்கும், கேட்டால் கொடுக்கும், மதிக்காவிட்டால் தண்டிக்கும் என்ற நம்பிக்கைக்குப் பெயர் ஆன்மவாதம். 'அனிமிசம்' என்றும் எழுதுகிறார்கள்.

இது தனி மதம் இல்லை. நிறுவியவர், வேதநூல், மதமாற்றச் சடங்கு எதுவும் கிடையாது. ஜப்பானின் ஷிண்டோவிலும் சைபீரியாவின் வேட்டைக் குடிகளிடமும் இருக்கிறது, பெரிய மதங்களுக்குள்ளும் இருக்கிறது. ஆடி மாதம் வேப்ப மரத்துக்கு மஞ்சள் பூசி, சேலை கட்டி, 'ஆத்தா' என்று கூப்பிடுகிறவர் செய்வதும் இதில் சேர்த்திதான். அவர் தன்னை ஆன்மவாதி என்று சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவே.

2. அப்போ எல்லாக் கல்லுக்கும் உயிர் இருக்குன்னு நம்புறாங்களா? ஜல்லிக்கல்லுக்குமா?

இல்லை. தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதில் முதலிடம் இதற்குத்தான். கனடாவின் ஒஜிப்வே மக்களிடையே ஆய்வு செய்த ஏர்விங் ஹாலோவெல், அவர்கள் மொழியின் இலக்கணத்தில் கல் உயிருள்ளவற்றின் வகையில் வருவதைக் கவனித்து, ஒரு முதியவரிடம் 'இங்கே நாம் பார்க்கும் கல் எல்லாவற்றுக்கும் உயிர் உண்டா?' என்று கேட்டார். முதியவர் நெடுநேரம் யோசித்துவிட்டுச் சொன்ன பதில்: 'இல்லை. ஆனால் சிலதுக்கு உண்டு.' ஹாலோவெல் இதை 1960-ல் எழுதினார்.

நம் ஊரிலும் கணக்கு அதுவே. குவாரியில் உடைக்கும் கல்லை யாரும் கும்பிடுவதில்லை. வயலில் மண்வெட்டி பட்டு இரத்தம் வந்த கல், மாடு தானாகப் பால் சொரிந்த கல், கனவில் வந்து 'நான் இங்கே இருக்கிறேன்' என்று சொன்ன கல்தான் சாமி. ஏரிக்கரையில் வரிசையாக நட்ட ஏழு கல் கன்னிமார்; பக்கத்திலேயே கிடக்கும் எட்டாவது கல்லில் துணி துவைக்கலாம். ஆகவே இந்த நம்பிக்கையில் எடைபோடப்படுவது பொருள் அன்று, அந்தப் பொருள் மனிதரோடு எப்படி நடந்துகொண்டது என்பது. மேற்கொண்டு வரும் பல பதில்கள் இதை ஒட்டியே நிற்கின்றன.

3. இந்தக் கருத்தை முதல்ல யார் சொன்னது?

நம்பிக்கைக்கு வயது சொல்ல முடியாது. பெயருக்குச் சொல்லலாம். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேயார்க் ஷ்டால் என்ற ஜெர்மன் மருத்துவர், உடலை இயக்குவது ஆன்மாவே என்ற தன் மருத்துவக் கொள்கைக்காக இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். அதை மதங்களின் தோற்றத்துக்கு விளக்கமாக மாற்றியவர் இங்கிலாந்தின் எட்வர்ட் டைலர், 1871-ல். 'ஆவிகள் உண்டு என்ற நம்பிக்கை' என்பதே மதத்துக்கு அவர் தந்த மிகக் குறைந்தபட்ச வரையறை.

4. கனவுல இருந்துதான் சாமி வந்துச்சுன்னு புத்தகத்துல போட்டிருக்கே, அது எப்படி?

டைலர் சொன்னது இப்படிப் போகும். ஆதி மனிதரைக் குழப்பிய காரியம் இரண்டு. ஒன்று, உயிருள்ள உடலுக்கும் பிணத்துக்கும் என்ன வேறுபாடு? ஏதோ ஒன்று போய்விட்டது. இரண்டு, கனவில் வருகிற உருவங்கள் யார்? உடல் பாயில் கிடக்க, ஏதோ ஒன்று வெளியே போய் அலைந்து திரும்புகிறது. செத்துப்போன தாத்தாவும் வந்து பேசுகிறார். இரண்டு 'ஏதோ ஒன்று'களையும் ஒன்றாக இணைத்தால் ஆன்மா கிடைக்கிறது. பிறகு அது விலங்குக்கும் மரத்துக்கும் பொருளுக்கும் நீட்டப்பட்டது. அதிலிருந்து ஊர்த் தெய்வங்கள், பல தெய்வங்கள், கடைசியில் ஒரே கடவுள் என்று படிப்படியாக ஏறியது என்பது அவர் கணக்கு.

முதல் பாதியில் சரக்கு இருக்கிறது. 'அமுக்குவான் பேய்' அதற்கு நல்ல சாட்சி. கனவு மிகுந்த உறக்க நிலையில் உடலின் தசைகள் தளர்ந்து செயலற்றுக் கிடக்கும். கனவில் ஓடினால் நிஜத்தில் கால் உதறாமல் இருக்க மூளை செய்யும் ஏற்பாடு அது. அந்தத் தளர்வு நீங்குமுன் விழிப்பு வந்துவிட்டால் கண் திறந்திருக்கும், கை கால் அசையாது, நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்த பாரம் தெரியும், அறையில் ஓர் ஆள் நிற்பது போலவும் தோன்றும். சில விநாடிகளில், மிஞ்சினால் சில நிமிடங்களில் போய்விடும். மல்லாந்து படுப்பவருக்கும் தூக்கம் கெட்டவருக்கும் அதிகம் வரும். இதை அனுபவித்தவரிடம் 'ஆவி என்று ஒன்று இல்லை' என்று வாதிடுவது கடினம்.

இரண்டாம் பாதியைத்தான் பின்னால் வந்தவர்கள் பிய்த்துப்போட்டார்கள். ஆவி என்ற எண்ணம் வருமுன்பே இடி, அருவி, விநோதமான பாறை ஆகியவற்றின் முன் வெறும் சக்தியை உணர்ந்து அஞ்சிய நிலை ஒன்று இருக்கலாம் என்றார் மாரெட் என்ற மானுடவியலாளர். ஒரு கனவுப் பிழையின் மேல் மனிதகுலம் இத்தனை ஆயிரம் ஆண்டு மதங்களைக் கட்டியிருக்குமா என்று 1912-ல் கேட்டார் பிரெஞ்சுச் சமூகவியலாளர் துர்கைம்; அவருக்கு மதத்தின் வேர் கூட்டாகச் செய்யும் சடங்கில் இருந்தது. படிக்கட்டுக் கணக்கோ இன்று அறவே கைவிடப்பட்டது. அடியில் காட்டுவாசி, உச்சியில் ஐரோப்பியர் என்று நிறுத்துவதற்கு அது வசதியாக இருந்தது என்பதே அதன் பெரிய கோளாறு.

5. சின்னப் பிள்ளைங்க பொம்மையோட பேசுற மாதிரிதானே இது? வளராத மூளையோட நினைப்பு?

பியாழே என்ற சுவிஸ் உளவியலாளர் சிறு குழந்தைகள் சூரியனுக்கும் மேகத்துக்கும் உயிர் உண்டு என்று சொல்வதைப் பதிவு செய்து, அதற்கும் ஆன்மவாதம் என்றே பெயர் வைத்தார். அந்தப் பெயர் ஒற்றுமையால் வந்த குழப்பம்தான் உங்கள் கேள்வி. வளர்ந்தவர்களும் அதையே செய்கிறார்கள். ஹைடர், சிம்மல் என்ற இருவர் 1944-ல் இரண்டு முக்கோணமும் ஒரு வட்டமும் நகரும் சிறு படத்தைக் காட்டினார்கள்; பார்த்த பெரியவர்கள் ஏறக்குறைய எல்லோரும் 'பெரியது சின்னதை அடிக்கிறது, வட்டம் பயந்து ஒளிகிறது' என்றே கதை சொன்னார்கள்.

ஸ்டூவர்ட் கத்ரி 1993-ல் இதற்குத் தந்த விளக்கம் எளியது. காப்பித் தோட்டத்து மூடுபனியில் கரும்பாறை ஒன்றைக் காட்டெருமை என்று எண்ணி ஒதுங்கினால் நட்டம் ஒன்றுமில்லை. காட்டெருமையைப் பாறை என்று எண்ணிப் பக்கத்தில் போனால் உயிர் போகும். ஆகவே சந்தேகம் வந்தால் 'உயிருள்ளது' என்ற பக்கம் சாய்வதே பிழைக்கும் வழி. அந்தச் சாய்வு எல்லா மனிதரிடமும் உண்டு; படித்தவர் படிக்காதவர் என்ற பேதம் இல்லை. ஆனால் சாய்வு ஒரு நொடிப் பயத்தை விளக்கும். ஒரு கல்லுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பொங்கல் வைப்பதை விளக்காது.

அதற்கு நுரிட் பேர்ட்-டேவிட் 1999-ல் எழுதியது உதவும். நம் நீலகிரிப் பக்கத்து நாயக்கா என்ற காட்டுப் பழங்குடியினரிடையே வாழ்ந்து ஆய்ந்த மானுடவியலாளர் அவர். அவர்கள் சில மலைகளையும் சில யானைகளையும் 'தேவரு' என்பார்கள். கண்ணோடு கண் பார்த்து, ஆளை அறிந்து நடந்துகொள்ளும் யானை தேவரு. மற்றது வெறும் யானை. உள்ளே ஆவி இருக்கிறதா என்று அவர்கள் ஆராயவில்லை, நம்மோடு உறவாடுகிறதா என்று பார்க்கிறார்கள். 2-ஆம் பதிலின் ஒஜிப்வே முதியவர் சொன்னதும் இதுவே.

6. தமிழ்ல இதுக்குப் பழைய ஆதாரம் இருக்கா? இல்ல, எல்லாம் பிற்காலமா?

சங்கப் பாடல்களில் கொட்டிக் கிடக்கிறது. குறுந்தொகை 87-ல் ஊர்மன்றத்து மராமரத்தில் உறையும் கடவுள் கொடியவர்களைத் தண்டிக்கும் என்று சொல்லப்படுகிறது. நற்றிணை 172-ல் விளையாட்டாக மணலில் அழுத்திய புன்னை விதை முளைக்க, நெய்யும் பாலும் ஊற்றி வளர்த்த மரத்தைத் தாய் மகளிடம் 'இது உன் உடன்பிறந்தவள்' என்கிறாள். அதனால் அதன் நிழலில் காதலனோடு சிரித்துப் பேச அவளுக்கு வெட்கம். இங்கே மரத்துக்குத் தெய்வம் ஆகவேண்டிய அவசியம்கூட இல்லை, உறவுக்காரியாகிவிடுகிறது. அரசர்களுக்குக் காவல் மரம் இருந்தது. பகைவனின் காவல் மரத்தை வெட்டுவது அவன் அரசையே வெட்டுவதற்குச் சமம்.

நமக்குப் பக்கத்திலிருக்கும் கொல்லிமலைக்குக் 'கொல்லிப்பாவை' உண்டு. காற்று மோதினாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், நிலமே நடுங்கினாலும் அழியாத பாவை என்று நற்றிணை 201 அதைப் பாடுகிறது. நடுகல்லுக்குச் சான்று புறநானூறு 335: யானையைக் கொன்று வீழ்ந்தவனின் கல்லைத் தவிர நெல் தூவிக் கும்பிடும் கடவுள் வேறில்லை என்கிறார் மாங்குடி கிழார். சேலம், தருமபுரி வட்டாரங்களில் வயலோரம் நிற்கும் வேடியப்பன் கற்களில் பல இப்படிப்பட்ட நடுகற்களே.

7. தொல்காப்பியத்துல மரத்துக்கு ஓரறிவுன்னு இருக்கு. சமணமும் அதையே சொல்லுது. அப்போ அதுவும் ஆன்மவாதம்தானே?

நெருங்கின சொந்தம், ஆனால் ஒன்று இல்லை. தொல்காப்பிய மரபியல் புல்லும் மரமும் தொடு உணர்வு மட்டும் உள்ள ஓரறிவு உயிர் என்று வகைப்படுத்துகிறது. அது உயிரினங்களின் பட்டியல்; புல்லை வணங்கச் சொல்லவில்லை. சமணம் இன்னும் தூரம் போய் மண், நீர், நெருப்பு, காற்று, தாவரம் ஐந்துக்கும் ஓரறிவு உயிர் உண்டு என்கிறது. அதனால்தான் சமணத் துறவிகள் நீரை வடிகட்டுகிறார்கள், தீ மூட்டுவதில்லை. ஆனால் அந்த உயிர்கள் வரம் தருவதில்லை, கோபிப்பதில்லை. அவற்றுக்குத் தீங்கு செய்யாதே என்பதோடு சரி.

சைவத்தில் திருவாசகம் உயிர் எடுத்த பிறவிகளாகப் புல், பூடு, புழு, மரம், பறவை, பாம்பு என்று அடுக்கும்போது கல்லையும் சேர்க்கிறது. அங்கே கல் என்பது உயிர் கடந்து வந்த ஒரு நிலை. முனியப்பன் கல்லோ எதையும் கடந்து போகவேண்டியதில்லை. அந்த இடத்தில் அது அதிகாரி. ஒரு பொருளை உயிர் உள்ளது என்று சொல்வதற்கும், ஆளாக நடத்துவதற்கும் உள்ள இடைவெளி இது.

8. சேர்வராயன் மலையே சாமியா? இல்ல, மலை மேல சாமி குடியிருக்கா?

ஏற்காட்டுக்கு மேலே சுமார் 1,600 மீட்டர் உயரத்தில், அகன்ற மேட்டின் மேல் இருக்கும் குகைக் கோயிலில் சேர்வராயனும் காவேரியம்மனும் சேர்ந்து இருக்கிறார்கள். குனிந்துதான் உள்ளே போக முடியும். மலைக்கும் சாமிக்கும் பெயர் ஒன்றே. அம்மனுக்கும் ஆற்றுக்கும் பெயர் ஒன்றே. குகை காவிரி வரை நீள்கிறது என்ற நம்பிக்கையும் உண்டு. மலையையும் ஆற்றையும் இப்படிச் சேர்த்து வைத்திருப்பதால் இரண்டு பதிலுமே சரிப்படும். மே மாதத் திருவிழாவுக்கு மலைக்கிராமங்களிலிருந்து வருகிறவர்களைக் கேட்டால் ஒருவர் 'பெருமாள்' என்பார், இன்னொருவர் 'மலைச்சாமி' என்பார். அவர்களுக்குள் இதில் சண்டை இல்லை. சண்டை படித்துவிட்டு வருகிறவர்களுக்குத்தான்.

இங்கே 'மலையாளி' என்று அழைக்கப்படும் பழங்குடி மக்களின் (கேரளத்தவர் அல்லர்) வழிவழிக் கதையில் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரில் பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் கொல்லிமலைக்கும் போனார்கள். எட்கர் தர்ஸ்டன் போன்றோர் நூறாண்டுக்கு முன்பே இதைப் பதிந்திருக்கிறார்கள். மலைகளும் இப்படி உறவுமுறைக்குள் வந்துவிடுகின்றன.

9. மலையாளி மக்கள் இந்துக்களா, ஆன்மவாதிகளா? சரியாச் சொல்லுங்க.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வியே வெள்ளையர் காலக் குடிமதிப்பிலிருந்து வந்தது. 1901 கணக்கெடுப்பில் 'அனிமிஸ்ட்' என்று ஒரு மதக் கட்டமே இருந்தது. 1931-ல் அதைப் 'பழங்குடி மதங்கள்' என்று மாற்றினார்கள். எந்தக் குடும்பம் எந்தக் கட்டத்தில் விழும் என்பதை எழுதுகிறவரே பல இடங்களில் முடிவு செய்தார். எல்லை எங்கே என்று கணக்கெடுப்பு அதிகாரிகளே தவித்திருக்கிறார்கள். சேலத்தில் முனியப்பனுக்குச் சுருட்டும் சாராயமும் படைத்துவிட்டு மறுநாள் பெருமாள் கோயிலில் துளசி வாங்குகிறவரை எந்தக் கட்டத்தில் போடுவது?

சேர்வராயன் மலையின் மலையாளிகள் பட்டியல் பழங்குடியினர். பெருமாளையும் மாரியையும் மலையையும் கும்பிடுகிறார்கள். அவர்களை என்னவென்று அழைப்பது என்பதை அவர்களிடம் விட்டுவிடுவதே முறை.

10. கோயில் காட்டுல சுள்ளிகூடப் பொறுக்கக் கூடாதுங்கறாங்களே, அது இயற்கைப் பாதுகாப்புக்காக முன்னோர் வெச்ச தந்திரமா?

தந்திரம் என்று சொல்லாதீர்கள். வைத்தவர்கள் அதை நம்பினார்கள். இடத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார், அவர் பொருளை எடுக்கக் கூடாது என்பதே விதி: இரும்பு கொண்டுபோகக் கூடாது, செருப்புக் கூடாது, விழுந்த மரம் கோயில் காரியத்துக்கு மட்டும். பலன் பக்கவிளைவாக வந்தது. காய்ந்த மரம் அங்கேயே மட்கினால் கறையானும் காளானும் அதை மண்ணாக்கும். அந்த ஈரத்தில்தான் சோலை மர விதைகள் முளைக்கும். சுள்ளியைக் கூட்டி எடுத்துக்கொண்டே இருந்தால் பெரிய மரங்கள் நிற்கும், கன்று வராது. இரண்டு தலைமுறையில் காடு கிழடாகிவிடும்.

சேர்வராயன் மலையில் 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்தார். பிறகு அடிக்காடு வெட்டப்பட்டு, நிழலுக்கும் மிளகுக் கொடிக்கும் ஆஸ்திரேலிய சில்வர் ஓக் நடப்பட்டது. பழைய மரங்களைப் பார்க்க வேண்டுமென்றால் ஓடைப் பள்ளங்களிலும் சாமி இடங்களிலும் தேடுவது வழக்கமாகிவிட்டது. இன்று அவற்றைக் குறைப்பது கோடாலி மட்டுமில்லை. கல்லுக்குச் சிமெண்ட் மண்டபம், மண்டபத்துக்குப் பாதை, பாதைக்கு வண்டி நிறுத்துமிடம் என்று பக்தியே காட்டைத் தின்கிறது. திறந்த இடத்தில் உண்ணிச்செடி புகுந்துகொள்கிறது.

11. வீடு கட்ட ஒரு பழைய மரத்தை வெட்டணும். சாமி மரம்ங்கறாங்க. என்ன செய்யணும்?

முதலில் வெட்டாமல் வரைபடத்தைத் திருப்ப முடியுமா என்று பாருங்கள். மலையில் இருந்தால் மலைப்பகுதி மரங்களுக்கென 1955-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. பட்டா நிலமானாலும் வனத்துறையைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

வழக்கம் இதுதான். முதல் நாள் அடியைக் கூட்டி நீர் தெளித்து, மஞ்சள் குங்குமம் வைத்து, வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய் படைத்து, 'இன்ன காரியத்துக்கு வெட்டப்போகிறோம், இதில் இருக்கிறவர்கள் வேறு இடம் போங்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இரவு விட்டு மறுநாள் வெட்ட வேண்டும். வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதை என்ற பழைய வடமொழி நூலும் சிலைக்கு மரம் எடுக்கப் போகிறவருக்கு இரவில் பலி, இடம்பெயர வேண்டுதல், காலையில் நீர் தெளித்தல், தேனும் நெய்யும் தடவிய கோடாலியால் வடகிழக்கிலிருந்து முதல் வெட்டு என்று கிட்டத்தட்ட இதே வரிசையைச் சொல்கிறது. அந்த ஓரிரவு அவகாசத்தில் ஒரு நடைமுறைப் பயனும் இருக்கிறது: பொந்தில் ஆந்தை, கிளையில் கூடு, அடியில் பாம்பு இருந்தால் தெரிந்துவிடும். கூட்டில் குஞ்சு இருந்தால் பறக்கும் வரை பொறுங்கள்.

பௌத்தத்திலும் இதற்கு இணை உண்டு. ஆளவி என்ற ஊரில் துறவி ஒருவர் மரம் வெட்டியபோது அதில் வாழ்ந்த தேவதையின் பிள்ளைக்குக் கையில் அடிபட்டது. தேவதை துறவியைக் கொல்லாமல் கோபத்தை அடக்கிப் புத்தரிடம் முறையிட்டது. அவர் காலியாக இருந்த வேறொரு மரத்தைக் காட்டி அனுப்பினார். துறவிகள் செடிகொடிகளைச் சிதைக்கக் கூடாது என்ற விதி அதன்பின் வந்தது என்கிறது பௌத்தத் துறவிகளின் ஒழுக்க நூலான விநயம்.

12. நாங்க வெட்டலை, கும்பிடத்தான் செய்றோம். ஆனாலும் எங்க அரசமரம் பட்டுப்போகுதே, சாமி கோபமா?

பெரும்பாலும் கும்பிடும் விதம். அதிகம் காண்கிற காரணங்கள்: அடிமரத்தை ஒட்டிச் சிமெண்ட் மேடை போட்டதால் வேருக்குக் காற்றும் நீரும் போவதில்லை. மேடை கட்டும்போது அடிமரத்தைச் சுற்றி மண் ஏற்றியதால் பட்டை எப்போதும் ஈரமாகி அழுகுகிறது. மரத்தை ஒட்டிக் கற்பூரம் ஏற்றுகிறார்கள். பட்டைக்கு உடனே உள்ளே இருக்கும் மெல்லிய வளர்படலம் வெந்தால் அந்தப் பக்கம் திரும்ப வளராது, சுற்றிலும் வெந்துவிட்டால் மரமே போகும். நைலான் கயிறு கட்டினால் மரம் பருக்கும்போது அது உள்ளே புதைந்து இறுக்கும். பருத்தி நூல் தானாக மட்கிவிடும், அதுவே நல்லது. உப்பு மிளகு கொட்டும் நேர்ச்சையை வேரடியில் செய்யவே கூடாது, உப்பு வேரிலிருந்து நீரை இழுத்துவிடும்.

மேடை வேண்டுமென்றால் அடிமரத்தைச் சுற்றிக் குறைந்தது மூன்றடி மண்ணாகவே விட்டு, அதற்கு வெளியே சிமெண்ட் பூசாமல் கல்லடுக்கிக் கட்டுங்கள். விளக்கும் கற்பூரமும் அந்தக் கல்லுக்கு வெளியே. சட்டி, பழைய சாமி படங்களை அடியில் குவிக்காதீர்கள்.

புற்றுக்கும் இது பொருந்தும். புற்றைக் கட்டுவது கறையான். பாம்பு பிறகு வந்து தங்குகிறது. பாம்புக்குப் பால் உணவு இல்லை. குடம் குடமாக ஊற்றினால் உள்ளறைகள் இடிந்து, பால் புளித்து, எறும்பு மொய்க்கும். துளைக்குள் தூவும் மஞ்சளும் குங்குமமும் பாம்பின் மூக்கிலும் வாயிலும் படும். நாக்கை நீட்டி வாசனை பிடிக்கும் பிராணிக்கு அது பெரிய இம்சை. புற்றின் வெளிப்புறம் அடியில் ஒரு கரண்டிப் பால், எட்டத்தில் மஞ்சள். நாகத்தம்மன் குறை சொல்ல மாட்டாள்.

13. புளியமரம் ராத்திரில கார்பன் டை ஆக்சைடு விடும், அதான் பேய்னு பயமுறுத்தினாங்களாமே?

சொல்லக் கேட்க நன்றாக இருக்கிறது, சரியில்லை. எல்லா மரமும் இரவில் சுவாசிக்கும், வேம்பும்தான். திறந்த வெளியில் அந்த அளவு காற்றில் உடனே கலைந்துவிடும். ஒரு மனிதர் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடை மூச்சில் விடுகிறார். பக்கத்துப் பாயில் படுப்பவரைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. அரசமரம் இரவிலும் ஆக்சிஜன் தரும் என்பதும் தவறு. ஆக்சிஜன் வெளிவர வெளிச்சம் வேண்டும். சில தாவரங்கள் இரவில் கார்பன் டை ஆக்சைடை உள்ளே எடுத்து வைக்கும், அதோடு சரி.

புளியமரத்தில் முனி என்பதைப் புரிந்துகொள்ள வாயு தேவையில்லை. சாலையோரம், ஊருக்கு வெளியே, அடர்ந்த நிழல், தூக்குப் போட்டுக்கொண்டவர் கதை, உச்சிவேளையில் தனிமை. 4, 5-ஆம் பதில்களைச் சேர்த்துப் படியுங்கள்.

14. ஜெகதீஷ் சந்திர போஸ் செடிக்கு உயிர் இருக்குன்னு நிரூபிச்சாரே! அப்போ ஆன்மவாதம் அறிவியல்படி சரிதானே?

செடிக்கு உயிர் உண்டு என்பதை யாரும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. போஸ் காட்டியது, வெட்டு, வெப்பம், மருந்து போன்றவற்றுக்குச் செடிகள் மின்துடிப்பாகப் பதில் தருகின்றன என்பது. கிரெஸ்கோகிராஃப் என்ற கருவியால் நுண்ணிய வளர்ச்சியையும் அளந்தார். அது இன்றும் நிற்கிறது. தொட்டாற்சுருங்கியின் இலை மடங்குவது அத்தகைய மின்குறிப்பால்தான். ஆனால் மின்குறிப்பு வேறு, நினைப்பதும் கோபிப்பதும் வேறு. 1966-ல் அமெரிக்காவில் பேக்ஸ்டர் என்பவர் பொய் கண்டறியும் கருவியை இலையில் மாட்டி, செடி மனித எண்ணத்தைப் படிக்கிறது என்றார். பிறர் கட்டுப்பாட்டோடு செய்து பார்த்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை.

வேப்பமரத்தை அம்மனாகக் கொள்கிறவருக்குக் கிரெஸ்கோகிராஃப் சான்றிதழ் வேண்டியதில்லை. அறிவியலைச் சாட்சிக்கு இழுத்தால், நாளை அது எதிர்ச்சாட்சி சொல்லும்போதும் ஏற்க வேண்டியிருக்கும்.

15. பெரியேரி தலைவெட்டி முனியப்பன் புத்தர் சிலைன்னு கோர்ட்டே சொல்லிடுச்சு. அப்போ இத்தனை வருஷம் கும்பிட்டது யாரை?

சேலம் பெரியேரியில் உள்ள அந்தச் சிலையைத் தொல்லியல் துறை ஆய்ந்து, உட்கார்ந்த நிலை, கைவைப்பு, தலையின் அடையாளங்கள் ஆகியவற்றைக் கொண்டு புத்தர் என்று அறிக்கை தந்தது. 2022-ல் சென்னை உயர்நீதிமன்றம் அதை ஏற்றது. சிற்பம் யாருடையது என்ற கேள்விக்கு அது விடை. நீங்கள் கேட்பது வேறு கேள்வி.

முனியப்பன் வழிபாட்டில் முதலில் வருவது இடம். எல்லை, மரம், வழி, அங்கே நடந்தவை. பிறகு அங்கே கிடைத்த உருவம் அவருக்குரியதாகிறது. வீரனின் நடுகல் வேடியப்பன் ஆவதும், சமணச் சிற்பம் ஊர்க்காவல் சாமி ஆவதும் தமிழ்நாட்டில் பல ஊர்களில் நடந்தவை. கும்பிட்டவர்கள் அந்த இடத்துக்காரரைக் கும்பிட்டார்கள். புத்தரும் தம் சிலையாகவே இருந்தார். இரண்டு தரப்பையும் எப்படிச் சமாளிப்பது என்பது நீதிமன்றத்தின் வேலை.

16. ஆத்துக்கு மனுசன் மாதிரி உரிமை குடுத்தாங்களாமே, அது ஆன்மவாதம் சட்டமானதா?

நியூசிலாந்து 2017-ல் வாங்கனுயி ஆற்றைச் சட்டப்படி ஓர் ஆளாக ஏற்றது. ஆறு தங்கள் முன்னோர் என்ற மாவோரி மக்களின் நெடுங்கால வழக்கின் முடிவு அது. இங்கே அதே ஆண்டு உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் கங்கைக்கும் யமுனைக்கும் அப்படி அறிவித்தது, உச்சநீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2022-ல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இயற்கை அன்னையையே உயிருள்ளவளாக அறிவித்தது. இந்தியச் சட்டத்துக்கு இது முழுக்கப் புதிதும் இல்லை. கோயில் தெய்வம் சொத்து வைத்துக்கொள்ளும், வழக்குத் தொடுக்கும்.

சேர்வராயன் மலைக்கு நெருங்கியது ஒடிசாவின் நியமகிரி வழக்கு. இரண்டு மலையிலும் உச்சியில் பாக்சைட் இருக்கிறது. நம் மலையிலிருந்து மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போனது. நியமகிரி, டோங்ரியா கோந்த் பழங்குடி மக்களின் தெய்வமான நியமராஜா வாழும் மலை. சுரங்கம் அவர்களின் வழிபாட்டு உரிமையைப் பாதிக்குமா என்று கிராம சபைகளே சொல்லட்டும் என்று 2013-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூடிய பன்னிரண்டு கிராம சபைகளும் மறுத்துவிட்டன. மலைக்குள் ஆவி இருக்கிறதா என்று நீதிமன்றம் கேட்கவில்லை. அந்த மலையோடு அந்த மக்களுக்கு என்ன உறவு என்றுதான் கேட்டது.

17. ரோடு போடறதுக்கு எங்க குலதெய்வக் கல்லை எடுக்கறாங்க. கல்லை மாத்தி வெச்சா சாமி கூட வருமா?

வரும் என்பதே மரபின் பதில், கேட்டால். கல்லைத் தூக்கிப்போவது போதாது; பிடிமண் எடுக்க வேண்டும். பங்காளிகள் கூடி நாள் குறித்து, பழைய இடத்தில் கடைசிப் பொங்கல் வைத்து, பூசாரியோ அருள் வருகிறவரோ வழியாக உத்தரவு கேட்பார்கள். பூப்போட்டுப் பார்ப்பதும் பல்லி சொல்வதும் உண்டு. உத்தரவு கிடைத்ததும் கல் நின்ற குழியிலிருந்து ஒரு பிடி மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து, நடுவில் எங்கும் தரையில் வைக்காமல் புதிய இடத்துக்குக் கொண்டுபோய், கல் நடும் குழியில் முதலில் அதைப் போட்டு, அதன் மேல் கல்லை நிறுத்துவார்கள். அன்றே அங்கே பொங்கல்.

இதில் கெடுவது இரண்டு இடத்தில். இரவோடு இரவாக இயந்திரம் வந்து மண்ணையும் கலைத்துவிட்டால் எந்தக் குழி என்று தெரியாமல் போகும். அளவெடுக்க வரும்போதே இடத்தைப் படம் எடுத்து, இரண்டு நிலையான அடையாளங்களிலிருந்து தூரம் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, புதிய இடத்தில் மண்டபம் கட்டப் பணம் சேரட்டும் என்று பல வருடம் பூசையை நிறுத்திவிடுவது. பலி நின்றதால் கடவுள் தூணைக் கைவிட்டுப் போன பாழ்மன்றம் ஒன்றைப் புறநானூறு 52 காட்டுகிறது. மண்டபம் பிறகு வரட்டும். கல்லும் மண்ணும் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து விளக்கு மட்டும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். முறை வைத்து எந்த வாரம் எந்தப் பங்காளி என்று அன்றே எழுதிவிடுவது நல்லது.